எதைப் புதுப்பிக்கச் சொல்கிறீர்கள்? – லினக்ஸ் வழிகாட்டிகளின் தமிழைப் பற்றி ஒரு திறனாய்வு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கணினியில் இருக்க வேண்டும். நம் பள்ளிகளின் கணினி அறைகளில் இருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. கணினியோ நன்றாகத்தான் ஓடுகிறது; தூக்கிப்போட மனசு வரவில்லை. அதனால் யாராவது ஒரு ஆசிரியர் துணிந்து லினக்ஸ் போடுகிறார். போட்ட பிறகு தமிழில் தேடுகிறார்: 'லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது எப்படி?' நிறைய கட்டுரைகள் கிடைக்கின்றன. இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்தக் கட்டுரைகளைத்தான். லினக்ஸ் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அந்த வழிகாட்டிகளின் தமிழ் என்ன செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இங்கே கேள்வி. கருத்து விளக்கக் கட்டுரை எழுதிப் பழகும் மாணவர்களுக்கும் இது பயன்படும். ஏனென்றால் விளக்குவது என்றால் என்ன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் அதைச் சுற்றியிருக்கும் தன்னார்வலர்களும் இல்லையென்றால் திறனாய்வு செய்யவே ஒன்றும் இருந்திருக்காது. காசு வாங்காமல், பெயர் எதிர்பார்க்காமல், வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதியவர்கள் பலர். பொதி, களஞ்சியம், நிறுவு, கட்டற்ற மென்பொருள் போன்ற சொற்களை ஓரளவு நிலைபெறச் செய்ததும் இப்படிப்பட்ட எழுத்துதான். ஆனால், நன்றி சொல்லிவிட்டோம் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர் வேலை எதற்கு?

குறை எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே கணினி அறையில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். இந்திய மொழி எழுத்துருக்கள் எல்லாம் ஒரே கட்டாக வரும் ஒரு பொதி இருக்கிறது. அதன் பெயர் 'ஃபாண்ட்ஸ் இண்டிக்'. உண்மையில் அதற்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. வங்காளம், தேவநாகரி, தெலுங்கு, தமிழ் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய வேறு பொதிகளை இழுத்துக்கொண்டு வருவது மட்டுமே அதன் வேலை. அதைப் போட்டால் தமிழும் வந்துவிடும். வந்தது. லோகித் எழுத்துருவில் ஆசிரியை ஒருவர் அழகாகச் சோதனைத் தேர்வுத் தாள் தயாரித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் அவர் கணினியில் இடம் குறைவதைப் பார்த்து, 'இந்திய மொழிகள் அனைத்தும் நமக்கெதுக்கு, தமிழ் மட்டும் போதுமே' என்று அந்தக் கட்டுப் பொதியை நீக்கிவிட்டார். அதுவரை ஒன்றும் ஆகவில்லை. எழுத்துருக்கள் அப்படியே இருந்தன. பிறகு தமிழ் வழிகாட்டி ஒன்றில் படித்தபடி 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்று அடித்தார். வழிகாட்டி அதற்குக் கொடுத்திருந்த விளக்கம் ஒரே வரி: தேவையில்லாத பொதிகளை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தும். நீளமான ஒரு பட்டியல் வந்தது. தேவையில்லாததைத்தானே நீக்கப்போகிறது என்று அவர் சரி கொடுத்தார். தமிழ் எழுத்துருக்களும் அதோடு போய்விட்டன. கணினி வேறொரு எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் அகலம். காலையில் போட்டோஸ்டாட் இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தால், கேள்வி ஒரு பக்கத்தில், விடைத்தெரிவுகள் அடுத்த பக்கத்தில். கட்டங்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. திட்டு வாங்கியது அவர். அதற்குப் பிறகு அவர் செய்த முதல் வேலை, அதுவரை தமிழில் வைத்திருந்த திரை மொழியை மலாய்க்கு மாற்றியது. "தமிழ்ல படிச்சுச் செஞ்சதாலதான் சார் இப்படி ஆச்சு," என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மூலத்தில் கணினி காட்டும் ஆங்கிலச் செய்தியைப் பாருங்கள். அதில் இரண்டு செய்திகள் சேர்ந்து இருக்கின்றன: இவை தானாக நிறுவப்பட்டவை, இனி இவை தேவைப்படவில்லை. 'தானாக' என்ற சொல்தான் அங்கே உயிர்நாடி. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டு வந்தது எது, வேறொன்றுக்குத் துணையாக வந்தது எது என்று கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. துணையாக வந்த பொதியை இப்போது வேறு எந்தப் பொதியும் கேட்கவில்லை என்றால், அதை 'தேவைப்படாதது' என்று எழுதிக்கொள்கிறது. யாருக்குத் தேவைப்படவில்லை? இன்னொரு பொதிக்கு. உங்களுக்கு அது தேவையா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. தமிழ் வழிகாட்டி இந்த முதல் பாதியை வெட்டிவிட்டு 'தேவையில்லாத' என்ற பெயரெச்சத்தை மட்டும் வைத்தது. 'யாருக்கு' என்ற நான்காம் வேற்றுமைக்குப் பதில் இல்லாத வாக்கியம் அது. மாணவர் கட்டுரையில் இப்படி வந்தால் நாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்போம். (அந்த ஆசிரியை செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலை: கட்டை நீக்கும் முன் 'ஃபாண்ட்ஸ் தமிழ்' என்பதை, அதாவது 'ஃபாண்ட்ஸ் டிஏஎம்எல்' என்ற பொதியை, பெயர் சொல்லித் தனியாக நிறுவியிருந்தால் போதும். ஏற்கெனவே இருந்தாலும் பரவாயில்லை. கேட்டு வாங்கியது என்று கணக்கு மாறிவிடும்.)

அடுத்து, எல்லா வழிகாட்டிகளிலும் முதல் இரண்டு வரியாக வருவதைப் பார்ப்போம். 'ஆப்ட் அப்டேட்', அதற்குப் பிறகு 'ஆப்ட் அப்கிரேட்'. சிம்பாங் பூலாயில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் இதை நான் பலகையில் எழுதியபோது படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "ரெண்டும் ஒன்னுதானே சார்? எதுக்கு ரெண்டு தடவை?" நான் வைத்திருந்த தமிழ்க் குறிப்பில் இரண்டுக்குமே 'புதுப்பித்தல்' என்றுதான் இருந்தது. அவன் கேட்டது சரி.

இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக வாங்கி வருகிறது. உங்கள் கணினியில் ஒரு மென்பொருள்கூட மாறாது. கேமரன் மலையிலிருந்து இந்தச் சாலை வழியாகக் காய்கறி லாரி இறங்குகிறது. கடைக்காரர் இன்றைய விலைப்பட்டியலை ஒட்டுகிறார். அவ்வளவுதான் அப்டேட். பையில் காய் ஏறவில்லை. இரண்டாவதுதான் பட்டியலைப் பார்த்து, கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதிகளுக்குப் பதிலாகப் புதிய பதிப்புகளைப் போடுகிறது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு 'நான் அப்டேட் பண்ணிட்டேன்' என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பட்டியலை வாங்கி வாங்கி ஒட்டிக்கொண்டு, காயே வாங்காமல் இருந்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் புழங்குகின்றன! புதுப்பித்தல், இற்றைப்படுத்தல், நாளதாக்கல், மேம்படுத்தல், தரமுயர்த்தல். 'இற்றைப்படுத்தல்' எனக்குப் பிடித்த சொல். 'இற்றை' என்றால் இன்றைய. பழைய சொல்லை எடுத்து அழகாக ஆக்கியிருக்கிறார்கள். மலாயில் 'கெமாஸ் கினி' என்று சொல்வதும் ஏறக்குறைய இதே சிந்தனைதான்: கெமாஸ் என்றால் ஒழுங்காக வைப்பது, கினி என்றால் இப்போது. அப்கிரேடுக்கு அவர்கள் 'நாயிக் தாராஃப்' என்கிறார்கள், தரம் ஏறுதல். நம்முடைய 'தரமுயர்த்தல்' அதன் இணைதான். ஆகச் சொல் பஞ்சம் எதுவும் இல்லை.

சிக்கல் சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலக் கட்டளை செயப்படுபொருளை விழுங்கிவிடுகிறது. 'அப்டேட்' – எதை? 'அப்கிரேட்' – எதை? யூனிக்ஸ் வழிவந்த கட்டளைகளின் பழக்கம் அது. விரல் வலிக்காமல் இருக்கச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். தமிழில் 'புதுப்பி' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'எதை' என்ற கேள்வி எழும். பதில் இருந்தால்தான் வாக்கியம் நிற்கும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் தேடினார்கள், பொருளைத் தேடவில்லை. 'பட்டியலைப் புதுப்பி', 'பொதிகளைப் புதுப்பி' என்று எழுதியிருந்தால் ஒரே வினைச்சொல்லே இரண்டுக்கும் போதும்! படிவம் நான்கு பையன் கேள்வியே கேட்டிருக்க மாட்டான். இற்றையா மேம்பாடா என்று பத்து வருஷம் சண்டை போடத் தேவையே இல்லை.

இன்னொன்று. ஃபெடோரா லினக்ஸில் 'டிஎன்எஃப்' என்ற கருவியில் அப்டேட், அப்கிரேட் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று மற்றொன்றின் மாற்றுப்பெயர். டெபியன், உபுண்டு, ஃபிரீபிஎஸ்டி, மெக்கில் பலர் பயன்படுத்தும் ஹோம்புரூ ஆகியவற்றில் இரண்டும் வேறு. ஆக, இந்த ஆங்கிலச் சொற்களுக்கே நிலையான பொருள் கிடையாது. நிலையில்லாத சொல்லுக்கு நிலையான தமிழ்ச் சொல் ஒன்றை ஒட்டிவிட்டு அகராதியில் போடுவதால் யாருக்கு என்ன லாபம்? போதாக்குறைக்கு டெபியன் 12-இலிருந்து 13-க்கு முழு அமைப்பையும் மாற்றுவதையும் அப்கிரேட் என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தமிழில் 'பதிப்பு மாற்றம்' என்று தனியாகச் சொல்வதே நல்லது. அது ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கோப்புகளை எல்லாம் நகலெடுத்து வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. சாதாரணப் புதுப்பித்தலோடு அதைக் குழப்பக்கூடாது.

'நீக்கு' என்ற சொல்லும் இதே கதைதான். ரிமூவ் கட்டளை மென்பொருளை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். பர்ஜ் கட்டளை அவற்றையும் சேர்த்து எடுக்கும். வீட்டைக் காலி செய்வதும், காலி செய்து கழுவி விடுவதும் மாதிரி. வழிகாட்டிகள் இரண்டுக்கும் 'நீக்கு' என்றே போட்டுவிட்டுப் போகின்றன.

இப்போது 'சார்பு'. ஒரு பொதி ஓடுவதற்கு வேறு பொதி தேவைப்பட்டால் அந்த உறவைச் சார்பு என்கிறார்கள். முதலில் எனக்கு இந்தச் சொல்லின் மேல் கோபம் இருந்தது. தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகங்களில் சார்பு என்றால் மலாயில் நாம் 'ஃபுங்சி' என்று படிக்கும் கணிதக் கருத்து. நிரல் எழுதுவதிலும் அந்தக் கருத்து வரும். ஒரே பாடத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் மாணவன் என்ன செய்வான்? ஆனால் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு நாள் மனசு மாறியது. சார்பெழுத்துப் பாடம் அது.

நினைத்துப் பாருங்கள். உயிரும் மெய்யுமாக முதலெழுத்து முப்பது. அவை தனித்து இயங்கும். சார்பெழுத்து அவற்றைச் சார்ந்து மட்டுமே வரும். 'நாகு' என்பதோடு 'யாது' சேர்ந்தால் 'நாகியாது'. அந்தக் குற்றியலிகரம் பிறப்பதற்கு முன்னால் ஒரு குற்றியலுகரம் வேண்டும், பின்னால் யகரம் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அது இல்லை. ஆய்தத்துக்கு முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய். இது பொதிகளின் சார்பு அல்லாமல் வேறென்ன? லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய 'ஐபஸ் எம்17என்' என்ற பொதியைக் கேட்கிறீர்கள். அதற்குப் பின்னால் எம்17என் நிரலகம் வருகிறது. விசைப்பலகை வரைவுகள் இருக்கும் தரவுத்தளப் பொதியும் வருகிறது. நீங்கள் கேட்டது ஒன்று, வந்தது பல. தமிழ்99 என்ற வரைவு உண்மையில் இருப்பது நீங்கள் கேட்காத அந்தக் கடைசிப் பொதியில்தான்!

ஆக 'சார்பு' இருக்கட்டும். ஆனால் அதுவும் போதாது. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்று என்கிறது, நன்னூல் பத்து என்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று எஸ்.டி.பி.எம். மாணவர்கள் படித்திருப்பீர்கள். எதைச் சார்பு என்று எண்ணுவது என்பதில் அளவுகோல் மாறுகிறது. டெபியனும் உறவைப் படிப்படியாகப் பிரிக்கிறது. இது இல்லாமல் ஓடவே ஓடாது என்பது ஒன்று. பெரும்பாலோருக்கு இதுவும் வேண்டியிருக்கும் என்று பரிந்துரைப்பது இன்னொன்று. இருந்தால் நன்றாக இருக்கும் என்ற யோசனை மூன்றாவது. கருவி முதல் இரண்டையும் தானாகவே இழுத்து வரும், மூன்றாவதை இழுக்காது. தமிழ் வழிகாட்டிகள் மூன்றையும் ஒரே 'சார்பு' மூட்டையில் கட்டுகின்றன. அப்புறம், 'ஒரு சின்ன மென்பொருள் கேட்டேன், இவ்வளவு பெரிசா இறங்குதே' என்று வாசகர் மிரண்டு போகிறார். பாதி வந்தது பரிந்துரையால். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை.

'மூன்றாம் தரப்பு' என்ற சொல்லுக்கு வருவோம். வழிகாட்டிகளில் எனக்குப் பிடிக்காத சொல் இதுதான். வழக்கறிஞர் கடிதத்திலிருந்து நேராக வந்த வாடை அடிக்கிறது. தமிழில் 'மூணாவது மனுஷன்' என்றாலே வீட்டு விஷயம் சொல்லக்கூடாத ஆள். எனவே மூன்றாம் தரப்பு மென்பொருள் என்று படித்த உடனே வாசகர் 'ஆபத்து' என்று புரிந்துகொள்கிறார். ஆனால் இந்தச் சொல்லின் எல்லை அமைப்புக்கு அமைப்பு மாறும். ஃபிரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பு என்பது ஒரே குழு கட்டிக் கொடுக்கும் வீடு. மற்ற எல்லாமே வெளியார் எழுதியது. அவை தனியாக ஒரு கோப்புறைக் கிளையில் போய் உட்காரும். அங்கே மூன்றாம் தரப்பு என்பதற்குத் தெளிவான பொருள் இருக்கிறது; ஆபத்து என்ற பொருள் இல்லை. டெபியனில் அப்படி ஒரு கோடே கிடையாது. கருவகம்கூட ஒரு பொதிதான். டெபியன் 12 வெளிவந்தபோது அதில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. மிகப் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் டெபியன்காரர்கள் அல்லர். அவர்கள் அவற்றை வாங்கி, சோதித்து, கட்டிக் கொடுக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'யார் எழுதியது' என்பதல்ல, 'எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, யார் கையெழுத்திட்டது' என்பதுதான்.

நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் ஆப்பிளின் மெக் கணினியோடு சேர்ந்தே வருகின்றன. மெக் அமைப்பும் யூனிக்ஸ் வழி வந்ததுதான். ஒரு மலேசியத் தமிழரின் உழைப்பு அங்கே மூன்றாம் தரப்பா, முதல் தரப்பா? வெளியார் ஆக்கம், களஞ்சியத்துக்கு வெளியே உள்ள பொதி என்று இடத்துக்கு ஏற்றாற்போல் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

களஞ்சியத்துக்கு வெளியே என்றதும் பைத்தான் நினைவுக்கு வருகிறது. இது மாணவர்கள் நேரடியாக முட்டிக்கொள்ளும் இடம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. பைத்தான் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யாப்பைச் சோதிக்க, எழுத்தெண்ண, அகரவரிசைப்படுத்த ஒரு மாணவன் சிறு நிரல் எழுத நினைத்தால் முதல் படியிலேயே தடுக்கி விழுவான். அதற்காகவே 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரலகம் இருக்கிறது. முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் வளர்த்தது. அதிலே கேட்டால் சரியாக 3 என்று வரும். அதை 'பிப்' என்ற கருவி மூலம் நிறுவச் சொல்லி வழிகாட்டிகள் எழுதியிருக்கின்றன. ஒரே வரி. அந்த வரி ஒரு காலத்தில் வேலையும் செய்தது.

2023 ஜூனில் டெபியன் 12 வந்த பிறகு அதே வரியை அடித்தால் கணினி மறுக்கிறது. இந்தப் பைத்தான் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது, இதில் கை வைக்காதே என்கிறது. காரணம் நியாயமானது. ஆப்ட் ஒரு பக்கம் பைத்தான் பொதிகளை வைத்துக் கணக்கு எழுதுகிறது. பிப் இன்னொரு பக்கம் அதே பைத்தானுக்குத் தன் பொதிகளைப் போட்டுவிட்டுப் போகிறது. ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒரே நிரைக்கு இரண்டு கங்காணி போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். அமைப்பின் கருவிகள் சில பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அவை பழைய பதிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது பிப் புதியதைக் கொண்டுவந்து வைத்தால் அவை விழுந்துவிடலாம்.

இங்கேதான் நான் பார்த்த மிக மோசமான தமிழ் இருக்கிறது. அந்த மறுப்பைத் தாண்ட ஒரு வழி உண்டு. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற நீளமான தெரிவைச் சேர்த்து அடிக்க வேண்டும். அதன் பெயரே எச்சரிக்கை: அமைப்பின் பொதிகளை உடை. வேண்டுமென்றே பயமுறுத்தும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். கணினியின் செய்தியும், இது உங்கள் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று கூடவே சொல்கிறது. ஆங்கிலம் தெரிந்தவன் ஒரு கணம் கை தயங்குவான். தமிழில் அதை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு, 'பிழை வந்தால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி. மருந்து பாட்டிலில் இருந்த மண்டையோட்டுப் படத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்த மாதிரி. ஒலிபெயர்ப்பு நடுநிலையானது என்று நாம் நினைக்கிறோம். இல்லை, சில சமயம் அது பொருளை மறைக்கும்.

சரியான வழி, திட்டத்துக்கென்று தனியாக ஒரு பைத்தான் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுவது. இதற்கு 'மெய்நிகர் சூழல்' என்ற பெயர் வைத்திருக்கிறார்கள். சொல் தவறில்லை, ஆனால் மாணவர்களுக்கு அது கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் முப்பரிமாண உலகமாகத் தோன்றுகிறது. நான் வகுப்பில் 'தனி அறை' என்று சொல்கிறேன். அறைக்குள் என்ன வேண்டுமானாலும் போடு. பிடிக்கவில்லையென்றால் அறையையே அழித்துவிடு. வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கலைச்சொல்லாக அது நிற்குமா என்பது எனக்குக் கவலையில்லை, விளக்கமாக நிற்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பொதுக் குறை இருக்கிறது: தேதி இல்லை. எந்த ஆண்டு எழுதியது, எந்தப் பதிப்பில் சோதித்தது என்று பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. இலக்கியக் கட்டுரைக்குத் தேதி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். கட்டளை எழுதும் கட்டுரைக்குத் தேதி இல்லாவிட்டால், காலாவதித் தேதி இல்லாத டின் மீன்தான்.

தேதியைச் சொல்லாதவர்கள் பொதுவிதியை மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள். 'எப்போதும் புதியதே பாதுகாப்பு' என்பார் ஒருவர். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒளித்து வைத்த கள்ளக் கதவு ஒன்று வெளியே தெரிந்தது. ஆண்ட்ரெஸ் ஃபுரூண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைபெற்ற பதிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைப் பதிப்புகளில் புத்தம் புதியதை இழுத்துக்கொண்டவர்கள்தான் அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தது. 'ஓடுற வண்டிய தொடாதே' என்பார் இன்னொருவர். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரிந்த பிறகும், திருத்தத்தைப் போடாமல் இருந்தவர்களின் வழங்கிகள்தான் கடவுச்சொற்களைக் கசிய விடும் நிலையில் இருந்தன. அன்றைய டெபியன் 7 திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துக் கொடுத்தது. பதிப்பு எண் பழசு, வால் எண் மட்டும் புதுசு. அதைப் பார்த்து 'இது பழைய பதிப்பு, ஆபத்து' என்று சொன்னவர்களும் உண்டு! பதிப்பு எண்ணின் வாலை எப்படிப் படிப்பது என்று தமிழில் ஒருவராவது ஒரு பக்கம் எழுதினால் நான் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவேன்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. ஏதாவது ஒரு தமிழ் வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினைக்கும் கீழே 'யார், எதை, யாருக்கு, எப்போது' என்று எழுதுங்கள். எந்த இடத்தில் பதில் இல்லையோ அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். கட்டளையைச் சரியாக அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. வாக்கியம் குன்றியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். இதை நாங்கள் சனிக்கிழமை வகுப்பில் செய்தோம். முதல் பக்கத்தைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்த ஆசிரியையின் கணினியில் எழுத்துருவைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திரை இன்னும் மலாயில்தான் இருக்கிறது. நான் மாற்றச் சொல்லவில்லை. திருத்தி எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். 'பொதி' என்ற சொல்லைப் பற்றி வகுப்பில் இன்னும் முடிவாகவில்லை. கழுதை மேல் ஏற்றுவதுதான் ஞாபகத்துக்கு வருகிறது என்கிறாள் ஒரு மாணவி. பொட்டலம் என்றே வைத்துக்கொள்ளலாம், நாசி லெமாக் மாதிரி, பிரிச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும் என்கிறாள்.